கேட்டீர்கள், சொல்கிறோம்: கோதுமை மாவில் சாக்லேட் சிப் வாஃபிள்

வீட்டில் வாஃபிள் மேக்கர் (இரண்டு சூடான தட்டுகளுக்கு நடுவே மாவை ஊற்றிக் குழி குழியாகச் சுடும் கருவி) வாங்கியவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பெரும்பாலானவர்கள் கேட்டது ஒன்றைத்தான்: மைதா இல்லாமல், காலைச் சாப்பாடாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி செய்ய முடியுமா?

கேள்வி: மைதா போட வேண்டிய இடத்தில் அதே அளவு கோதுமை மாவைப் போட்டேன். வாஃபிள் மேலே தோல் மாதிரி இழுவையாகவும் உள்ளே களி மாதிரியும் வந்தது. எங்கே தப்பு? (வாசகி, ஈரோடு)

கோதுமை மாவுக்கு வேண்டிய பாலும் நேரமும் கிடைக்கவில்லை. நம் ஊர் ஆட்டா கல்லில் நெருக்கி அரைபட்ட மாவு. அரைபடும்போது மாவுச்சத்து மணிகள் நசுங்குவதால் அது மைதாவைவிட அதிகமாக நீரை இழுக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவதற்கும் அதுதான் காரணம். போதாததற்கு அதில் தவிடும் இருக்கிறது. தவிடு மெதுவாகத்தான் ஊறும். அதனால் கலக்கியவுடன் பார்த்தால் பதம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும். அந்த இறுகிய மாவை அச்சில் ஊற்றினால் வெளியே சிவந்துவிடும், உள்ளே ஆவி வெளியேற வழியில்லாமல் களியாக நின்றுவிடும்.

இழுவைக்குக் காரணம் வேறு. கோதுமையின் பசைச்சத்தை அடித்துக் கலக்கக் கலக்க அது பின்னிக்கொண்டு இழை பிடிக்கும். பரோட்டாவுக்கு அது வேண்டும், வாஃபிளுக்கு ஆகாது.

நாங்கள் பரிந்துரைக்கும் அளவு இது. 18 செ.மீ. வட்ட அச்சில் 6 வாஃபிள் வரும். கோதுமை மாவு 180 கிராம், அதாவது 240 மி.லி. கப்பில் தட்டாமல் அள்ளினால் ஒன்றரை கப். சோள மாவு என்று கடையில் கேட்டால் மஞ்சள் மாவைக் கொடுத்துவிடுவார்கள், வெள்ளை கார்ன்ஃப்ளார் என்று கேட்டு வாங்கி 2 மேசைக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பசைச்சத்து கிடையாது என்பதால் இழுவையைக் குறைத்து மொறுமொறுப்பைக் கூட்டும். பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி. இவற்றை ஒரு பாத்திரத்தில் கலந்து ஒரு முறை சலித்துக்கொள்ளுங்கள். சலிப்பது கட்டி உடையத்தான். சல்லடையில் நிற்கும் தவிட்டைத் திரும்ப மாவிலேயே போட்டுவிடுங்கள், கொட்டிவிட்டால் கோதுமை மாவு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

இன்னொரு பாத்திரத்தில் 2 முட்டை, 340 மி.லி. பால், உருக்கிய வெண்ணெய் அல்லது வாசனையில்லாத எண்ணெய் 75 மி.லி., வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி. பாலும் முட்டையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு கலந்தால் உருக்கிய வெண்ணெய் மணிமணியாக உறைந்துவிடும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

ஈரத்தை மாவில் ஊற்றி, மாவுப்பொடி கண்ணில் படாமல் போகும் வரை மட்டும் கரண்டியால் புரட்டுங்கள். 15 அல்லது 20 சுற்றுப் போதும். சிறு கட்டிகள் இருந்தால் விட்டுவிடுங்கள், அவை வேகும்போது கரைந்துவிடும். 12 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பதம் பாருங்கள். இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக, கரண்டியிலிருந்து பட்டையாக விழ வேண்டும். இறுகியிருந்தால் ஒவ்வொரு மேசைக்கரண்டியாகப் பால் விட்டுத் தளர்த்துங்கள். ஆட்டா ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நீர் இழுக்கும் என்பதால் 50 மி.லி. பாலைக் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது.

முடிந்தால் முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே நுரைத்துக் கடைசியில் சேர்த்துப் பாருங்கள். நிமிர்த்தினால் நுனி லேசாக வளையும் அளவுக்கு நுரைத்தால் போதும். கோதுமை மாவின் கனத்துக்கு இது பெரிய உதவி.

கேள்வி: சத்தாக இருக்கட்டும் என்று வெண்ணெயை 2 ஸ்பூனாகக் குறைத்தேன். அச்சில் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிளந்தது. (வாசகர், திருப்பூர்)

குறைக்க வேண்டியது சர்க்கரையை. கொழுப்பில் கை வைக்காதீர்கள். வாஃபிளின் மேல்புறம் இரும்பில் படும்போது கொஞ்சம் பொரிந்தாக வேண்டும், அந்தப் பொரிவைத் தருவது மாவுக்குள் இருக்கும் கொழுப்புதான். அது குறைந்தால் நீங்கள் சாப்பிடுவது குழி விழுந்த ரொட்டி. சர்க்கரை கூடினாலோ அது உருகிப் பாகாகி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மசித்த வாழைப்பழம் சேர்த்தாலும் இதே கதைதான். அரைப் பழத்துக்கு மேல் போனால் மொறுமொறுப்பை மறந்துவிடலாம்.

பிளந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அவசரப்பட்டு மூடியைத் திறந்திருப்பீர்கள். முதல் 3 நிமிடம் திறக்கவே கூடாது. மாவு இரண்டு தட்டிலும் ஒட்டியிருக்கும்போது, நடுப்பகுதி வேகாமல் இழுத்தால் பிளக்கத்தான் செய்யும். விளக்கு பச்சையாக மாறுவதை நம்புவதைவிட ஆவியைப் பாருங்கள். ஓரங்களிலிருந்து குபுகுபுவென்று வரும் ஆவி ஓய்ந்து, இழை இழையாக ஆன பிறகு இன்னும் அரை நிமிடம் விடுங்கள். மூடியை லேசாகத் தூக்கிப் பார்க்கும்போது எதிர்ப்புத் தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம். கோதுமை வாஃபிளுக்குச் சாதாரணமாக 4 முதல் 6 நிமிடம் ஆகும்.

கேள்வி: சாக்லேட் சிப் அச்சில் உருகி, கருகி, கசக்கிறது. அடுத்த வாஃபிளிலும் அந்தக் கரி ஒட்டுகிறது. (வாசகி, மதுரை)

சிப்ஸை மாவோடு கலந்து ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அப்படி ஊற்றினால் பாதி சிப்ஸ் நேராக இரும்பில் உட்காரும். வாஃபிள் தட்டு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். சாக்லேட் 35 டிகிரிக்கே உருகிவிடும், அதிலுள்ள சர்க்கரையும் பாலும் அந்தச் சூட்டில் கருகத் தாமதிக்காது.

வழி இதுதான். ஒரு வாஃபிளுக்கு வேண்டிய மாவில் மூன்றில் இரண்டு பங்கை முதலில் ஊற்றி ஓரம் வரை பரப்புங்கள். ஒரு மேசைக்கரண்டி சிப்ஸை, ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி, மேலே தூவுங்கள். மீதி மாவை அதன்மேல் மெலிதாக ஊற்றி மூடுங்கள். சிப்ஸ் இரண்டு மாவுப் படுக்கைக்கு நடுவே சிக்கிக்கொள்ளும், இரும்பைத் தொடாது. எங்காவது ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தால் பரவாயில்லை.

சிப்ஸ் சிறியதாக இருப்பது நல்லது. பெரிய சிப் வாஃபிளின் பள்ளமான இடத்தில் மாட்டினால் மேல் தட்டும் கீழ்த் தட்டும் அதை நசுக்கும். மினி சிப்ஸ் கிடைக்காவிட்டால் டார்க் சாக்லேட் கட்டியைப் பச்சைப் பட்டாணியில் பாதி அளவுக்குக் கத்தியால் நறுக்கி, 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துப் பயன்படுத்துங்கள். நறுக்கும்போது உதிரும் தூளைச் சேர்க்காதீர்கள். முதலில் கருகுவது அந்தத் தூள்தான், அதைப் பாலில் போட்டுவிடலாம்.

வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் சாக்லேட். அதற்குப் பதிலாகப் பனை எண்ணெய், ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்டு. விலை குறைவு, உருகாமல் நிற்கும், ஆனால் வாயில் மெழுகு மாதிரி படியும். சத்தான காலைச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு அதைப் போடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அதைவிட நல்ல சாக்லேட்டைப் பாதி அளவு போடுங்கள். 6 வாஃபிளுக்கு 60 கிராம் தாராளம்.

இனிப்பான சிப்ஸில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. 60 கிராமில் 30 கிராம் என்று வைத்தால் ஒரு வாஃபிளுக்கு 5 கிராம், நாட்டுச் சர்க்கரையோடு சேர்த்து 8 கிராமைத் தொடும். அதன்மேல் தேனோ சிரப்போ ஊற்றினால் கணக்கு இரட்டிப்பாகும். உள்ளே சாக்லேட் இருக்கும் வாஃபிளுக்கு மேலே இனிப்பு வேண்டியதே இல்லை. கெட்டித் தயிர் ஒரு கரண்டி, நறுக்கிய வாழைப்பழமோ மாதுளையோ வைத்துக் கொடுங்கள், சாக்லேட்டின் ருசி அப்போதுதான் தெரியும்.

கேள்வி: நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை. (வாசகி, கும்பகோணம்)

செய்யலாம். அரைத்த ஆளி விதை 2 மேசைக்கரண்டியை 6 மேசைக்கரண்டி வெந்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டால் வழுவழுப்பாகும். 2 முட்டைக்கு அது ஈடு. கூடவே, 340 மி.லி. பாலில் 100 மி.லி.யைக் குறைத்து, அந்த அளவுக்குப் புளித்த தயிரைச் சேருங்கள். தயிர் சேர்க்கும்போது பேக்கிங் பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி போட வேண்டும். சோடா பொங்குவதற்குப் புளிப்பு வேண்டும். புளிப்பில்லாமல் சோடா போட்டாலும், கால் என்பது அரையானாலும் சவுக்கார வாடை வந்துவிடும், நிறமும் வேகாமலே கறுக்கும்.

முட்டையில்லாத வாஃபிள் ஒரு நிமிடம் கூடுதலாக வேகும். கார்ன்ஃப்ளாரில் ஒரு மேசைக்கரண்டியை அரிசி மாவாக மாற்றினால் மொறுமொறுப்பு வரும்.

கேள்வி: காலையில் நேரமில்லை. இரவே கலந்து வைத்துவிடலாமா? (வாசகர், சென்னை)

பேக்கிங் பவுடர் போட்ட மாவை வைக்காதீர்கள், காலைக்குள் அதன் வேகம் பெருமளவு போயிருக்கும். இரவே உலர்ந்ததை ஒரு டப்பாவிலும் ஈரமானதை இன்னொன்றிலும் எடுத்து, ஈரமானதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். வெண்ணெய் உறைந்துவிடும் என்பதால் இதற்கு எண்ணெய்தான் சரி.

ஆனால் கோதுமைக்கு இதைவிட நல்ல வழி ஈஸ்ட். பேக்கிங் பவுடர் வராத காலத்திலிருந்தே ஐரோப்பாவில் வாஃபிள் மாவைப் புளிக்கவைத்தும் செய்தார்கள், பெல்ஜியத்தில் லியேஜ் வாஃபிளுக்கு இன்றும் ஈஸ்ட்தான். மேலே சொன்ன அளவில் முட்டை, பேக்கிங் பவுடர், எசென்ஸ் தவிர மற்றதையெல்லாம் வெதுவெதுப்பான பாலில் கலந்து, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி சேருங்கள். மாவு பொங்குவதற்கு இடம் விட்டுப் பெரிய பாத்திரமாக எடுங்கள். வெளியே 45 நிமிடம், நல்ல வெயில் காலம் என்றால் 30 நிமிடம், பிறகு இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில். இட்லி மாவு மாதிரி இரவெல்லாம் வெளியே விட்டுவிடாதீர்கள். பால் சேர்ந்த மாவு நம் வெயிலுக்குக் கெட்டுவிடும்.

காலையில் 2 முட்டையையும் எசென்ஸையும் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவையும் கலந்து ஊற்றினால் ஆயிற்று. இரவெல்லாம் தவிடு ஊறியிருப்பதால் நறநறப்பே இருக்காது. லேசான புளிப்பு சாக்லேட்டுக்கு நன்றாகச் சேரும்.

கேள்வி: எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது, தட்டில் வைத்த இரண்டு நிமிடத்தில் துவண்டுவிடுகிறது. டிபன் பாக்ஸில் கொடுக்க முடியுமா? (வாசகி, சேலம்)

தட்டில் வைப்பதுதான் பிரச்சினை. அடிப்பக்கத்திலிருந்து வரும் ஆவி தட்டில் பட்டு நீராகி, வாஃபிளே அதைத் திரும்பக் குடித்துவிடும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் இன்னும் மோசம். கம்பி வலையில் தனித்தனியாக வையுங்கள். வலை இல்லையென்றால் இட்லிப் பானையின் துளைத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைக்கலாம். எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாற வேண்டுமானால் 100 டிகிரி சூட்டில் உள்ள ஓவனில் வலையோடு வைத்திருங்கள்.

டிபன் பாக்ஸுக்கு முழுவதும் ஆறிய பிறகே மூடி போடுங்கள். அப்படியும் மதியத்துக்குள் மிருதுவாகிவிடும், ஆனால் சொதசொதப்பு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு செய்து ஃப்ரீசரில் வைப்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. இளம்பொன் நிறத்திலேயே எடுத்து, ஆறவைத்து, ஒன்றோடொன்று படாமல் ஒரு மணி நேரம் உறையவிட்டு, பிறகு காற்றுப் புகாத பையில் போடுங்கள். ஒரு மாதம் வரை ருசி மாறாது. உறைந்ததை அப்படியே தோசைக்கல்லில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் பக்கத்துக்கு 2 நிமிடம் சூடாக்குங்கள். குதித்து வரும் ரொட்டி டோஸ்டரில் போடாதீர்கள், உருகும் சாக்லேட் கம்பியில் சொட்டிப் புகையும்.

கேள்வி: கேழ்வரகு மாவு சேர்க்கலாமா? எவ்வளவு? (வாசகர், தர்மபுரி)

180 கிராம் கோதுமை மாவில் 45 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவு கேழ்வரகு மாவைப் போடுங்கள். சாக்லேட்டும் கேழ்வரகும் நல்ல ஜோடி. அதற்கு மேல் போனால் பசைச்சத்து போதாமல் வாஃபிள் உதிரும். மாவை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவைத்துச் சேர்த்தால் பச்சை வாடை இருக்காது. நிறம் முதலிலேயே கறுப்பாக இருப்பதால் வெந்ததை நிறத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது, ஆவியைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: தட்டில் பிசுபிசுப்பாக ஒரு பழுப்புப் படலம் படிந்திருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை. (வாசகி, நாகர்கோவில்)

எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறீர்களா? பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது சூட்டில் கோந்து மாதிரி இறுகும். பிரஷ்ஷால் எண்ணெயை மெலிதாகத் தடவுவதே போதும், வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால்பொருள் கருகும். படிந்துவிட்ட படலத்துக்கு, இணைப்பைப் பிடுங்கி, தட்டு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது எண்ணெய் தடவி 10 நிமிடம் விடுங்கள். பிறகு, சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து மென்மையான பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தெடுங்கள். உருகிய சாக்லேட் ஒட்டியிருந்தால் முற்றும் ஆறவிடுங்கள், இறுகியதும் மரக்குச்சியால் நெம்பினால் வந்துவிடும். கத்தியும் கம்பி நாரும் பக்கத்தில் வரவே கூடாது; நான்-ஸ்டிக் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் ஒட்டும்.