லேசர் டயோடுக்கு ட்ரைவர்: கேட்டவையும் சொன்னவையும்

சின்னச் சின்ன லேசர் வேலைகளுக்கு ட்ரைவர், அதாவது லேசர் ஒளி தரும் சிப்பான டயோடுக்குப் போகும் கரண்டை ஒரே அளவில் வைக்கும் சுற்று, எங்கே வாங்குவது, எப்படி செட் செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்துச் சிவப்பு டயோடை எடுத்துவிட்டேன். இரண்டு பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், அவ்வளவு போதாதா?

எரியும், ஆனால் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. இந்த டயோடு இரண்டரை வோல்ட் பக்கத்தில்தான் வேலை செய்யும், அதற்கு மேல் வோல்டேஜ் துளி ஏறினாலும் கரண்ட் மளமளவென்று ஏறிவிடும். இரண்டு பேட்டரி சேர்த்து 3 வோல்ட் என்றால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது அரை வோல்ட்தான், புது பேட்டரி போட்டாலே கணக்கு மாறிவிடும். அப்புறம், டயோடு சூடானால் அதன் வோல்டேஜ் குறையும், கரண்ட் இன்னும் கூடும். எல்இடி இதையெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். லேசர் டயோடில் சிப்பின் முனையே கண்ணாடி போல வேலை செய்கிறது. கண நேரம் அளவு மீறினாலும் அந்த முனை வெந்துவிடும். அதற்குப் பிறகும் சிவப்பாக மங்கலாக எரியும், ஆனால் எவ்வளவு ஃபோகஸ் செய்தாலும் புள்ளி கிடைக்காது. அதனால்தான் கரண்டைக் கட்டுப்படுத்தும் ட்ரைவர் வேண்டும் என்கிறோம்.

இன்னொன்று: டயோடைக் கழற்றும் முன்பே அதன் கால்களை மெல்லிய செம்புக் கம்பி இழையால் சுற்றி ஒன்றாக இணைத்துவிடுங்கள். கையிலிருக்கும் ஸ்டாட்டிக்கே அதைக் கொல்லப் போதும். சால்டரிங் அயர்னுக்கு எர்த் இருக்க வேண்டும்.

கேள்வி: எல்எம்317 ரெகுலேட்டர் சிப்பை வைத்துச் செய்யலாம் என்கிறார்கள். ரெசிஸ்டர் கணக்கு எப்படி?

தாராளமாகச் செய்யலாம், முதல் ட்ரைவருக்கு அதுதான் சரி. அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே ரெசிஸ்டர், அட்ஜஸ்ட் காலிலிருந்து டயோடுக்கு. 1.25-ஐ (அந்த இரு காலுக்கும் நடுவே சிப் வைத்திருக்கும் வோல்டேஜ்) ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் கரண்ட் ஆம்பியரில் வரும். 12 ஓம் போட்டால் சுமார் 104 மில்லிஆம்பியர், 6.8 ஓம் என்றால் சுமார் 184. குறைந்த கரண்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் (குமிழைத் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைப்பதானால் அதோடு தொடரில் ஒரு நிலையான ரெசிஸ்டர் கட்டாயம், இல்லையென்றால் குமிழை ஒரு ஓரத்துக்குத் திருப்பிய நொடியில் டயோடு போய்விடும்.

பலர் கவனிக்காதது: டயோடின் வோல்டேஜுக்கு மேல் சுமார் 3 வோல்ட் இந்தச் சுற்றுக்கே வேண்டும். ஒரு லித்தியம் செல்லில் ஓடாது. 18650 என்ற லித்தியம் செல் இரண்டைத் தொடரில் போடுங்கள், ஒரு சின்ன ஹீட்சிங்கும் மாட்டுங்கள்.

கேள்வி: ட்ரைவர் சரியாக இருக்கிறதா என்று டயோடை வைக்காமலே பார்க்க முடியுமா?

முடியும், அப்படித்தான் பார்க்கவும் வேண்டும். நான்கு 1என்4007 டயோடை (இவை ஒளி தராத சாதாரண டயோடு) தொடரில் போட்டு, கூடவே ஒரு 1 ஓம் ரெசிஸ்டர். சிவப்பு லேசருக்குப் பதிலாக ட்ரைவரில் மாட்டும் போலிச் சுமை இதுவே. நீலத்துக்கு ஆறு டயோடு; ஒரு ஆம்பியருக்குப் பக்கத்தில் போனால் 1என்5408 போன்ற பெரிய டயோடும், சில வாட் தாங்கும் ரெசிஸ்டரும் வேண்டும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த 1 ஓமுக்குக் குறுக்கே அளந்தால், 104 மில்லிவோல்ட் என்பது 104 மில்லிஆம்பியர். பத்து நிமிடம் ஓடவிட்டு எண் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு பவரை எடுத்துவிட்டு, அவுட்புட் கெப்பாசிட்டரை ஷார்ட் செய்து காலி செய்த பிறகுதான் லேசர் டயோடைச் சால்டர் செய்ய வேண்டும்.

கேள்வி: அண்ணா, வோல்டேஜைக் குறைத்துத் தரும் எக்ஸ்எல்4015 மாட்யூலில் கரண்ட் லிமிட் திருகு இருக்கிறதே, 445 நானோமீட்டர் நீல டயோடுக்கு அதையே போடலாமா?

தம்பி, அது பேட்டரி சார்ஜுக்கும் எல்இடிக்கும் நல்ல மாட்யூல். சுமை இல்லாமல் இருக்கும்போது அதன் அவுட்புட் கெப்பாசிட்டர் நீ வைத்த வோல்டேஜ் வரைக்கும் நிரம்பி நிற்கும். அந்த நிலையில் டயோடைத் தொட்டாயானால் கரண்ட் லிமிட் விழித்துக்கொள்வதற்குள் மொத்தமும் டயோடுக்குள் கொட்டிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு லூஸ் கனெக்ஷன் வந்து போனாலும் இதே கதிதான். லேசருக்கென்றே செய்த பக் ட்ரைவர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் வகை) வாங்கு, சாஃப்ட் ஸ்டார்ட், அதாவது கரண்டை மெல்ல ஏற்றும் வசதி, இருக்கிறதா என்று கேட்டு வாங்கு.

கேள்வி: எங்கே வாங்குவது?

சென்னை என்றால் எல்எம்317, ரெசிஸ்டர், ஹீட்சிங்க் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். பெங்களூரில் எஸ்பி ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு. லேசர் ட்ரைவர் போர்டுக்கும் நல்ல டயோடுக்கும் ஆன்லைன்தான். டயோடின் பார்ட் நம்பர் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்; டேட்டாஷீட் இல்லாமல் கரண்டை எதை வைத்து செட் செய்வீர்கள்? ‘40 வாட்’ என்று விளம்பரம் செய்யும் என்கிரேவர் (மரத்தில் எரித்துப் பொறிக்கும் மெஷின்) மாட்யூல் பலவற்றில் அந்த 40 மின்சாரக் கணக்கு, வெளியே வரும் ஒளி ஐந்து வாட் பக்கம்தான்.

கேள்வி: என்கிரேவரை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடும் போர்டை ஆன் செய்யும்போது லேசர் ஒருமுறை பளிச்சென்று அடித்து மரத்தில் கரும்புள்ளி விழுகிறது.

போர்டு விழிக்கும் வரை, லேசரை ஆன்-ஆஃப் செய்யும் சிக்னல் போகும் டிடிஎல் பின் ஆனா ஆஃபா என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்குகிறது. அந்த பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியே ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $32=1 இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுதான் லேசர் மோட். மூலைகளில் அதிகம் கருகினால் லேசரை ஆன் செய்யும் கட்டளையில் எம்3-க்குப் பதில் எம்4 கொடுங்கள், வேகம் குறையும் இடத்தில் பவரையும் குறைத்துக்கொள்ளும்.

கேள்வி: கண்ணைக் காக்க, மாட்யூலோடு வந்த பச்சைக் கண்ணாடி போதுமா?

நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள். எந்த அலைநீளத்துக்கு எத்தனை ஓடி (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று ஃபிரேமிலோ லென்சிலோ அச்சிட்டிருக்க வேண்டும். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 500 மில்லிவாட்டுக்கு மேல் போனால் அது கிளாஸ் 4 என்ற மிக ஆபத்தான வகை, மேஜையில் பட்டுச் சிதறும் ஒளியே கண்ணைக் கெடுக்கலாம். பச்சை லேசர் பாயிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 532 நானோமீட்டர் பச்சையை பெரும்பாலும் 808 நானோமீட்டர் அகச்சிவப்பிலிருந்துதான் உண்டாக்குகிறார்கள். மலிவானவற்றில் ஃபில்டர் இல்லாமல் அந்த அகச்சிவப்பும் சேர்ந்து வெளியே வரும் என்று அமெரிக்க அரசின் அளவீட்டு ஆய்வு நிறுவனமான என்ஐஎஸ்டி 2010-லேயே அளந்து காட்டியது. கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமையும் மூடாது.

கேள்வி: ஒரே 18650 செல்லில்தான் செய்ய வேண்டும், இடமில்லை.

சிவப்பு டயோடு, அதுவும் 350 மில்லிஆம்பியர் தாங்கக்கூடியது என்றால் டார்ச் லைட்டுகளில் வரும் ஏஎம்சி7135 என்ற ட்ரைவர் சிப் போதும், அது தின்பது 0.12 வோல்ட்தான். ஆனால் அது கிரவுண்ட் பக்கத்தில் உட்காரும் சிப். டயோடின் மைனஸ் கால் அதன் உலோகக் கூட்டோடு சேர்ந்திருந்து, அந்தக் கூடு பேட்டரி மைனஸோடு இணைந்த டார்ச் உடம்பைத் தொட்டால், ட்ரைவரைத் தாண்டி நேராகக் கரண்ட் போய்விடும். முதலில் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து, எந்தக் கால் கூட்டோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.