'சீர்குலைந்த நகரம்': நேரடிப் பொருள் எங்கே?

கேள்வி: தமிழில் கிரிப்டிக் குறுக்கெழுத்து, அதாவது எழுத்து விளையாட்டில் விடையை ஒளித்துவைக்கும் புதிர், போடப் பழகிவருகிறேன். 'சீர்குலைந்த நகரம் (4)' என்ற குறிப்புக்கு, அதாவது நாலெழுத்து விடைக்கு, குறுக்கே கிடைத்த எழுத்துகளை வைத்து 'நரகம்' என்று எழுதினேன். மறுநாள் பார்த்தால் விடை சரி. ஆனால் என் தம்பி, "இதில் நேரடிப் பொருள் எங்கே இருக்கிறது? குறிப்பே தப்பு" என்கிறான். எனக்கு விளக்கத் தெரியவில்லை. எழுத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிச்சொற்கள் எல்லாம் அடங்கிய பட்டியல் என்று 499 ரூபாய்க்கு ஒரு பிடிஎஃப் விற்கிறார்கள். வாங்கினால் உதவுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: பட்டியலை வாங்காதீர்கள். குறிப்பில் தப்பில்லை. தம்பி கேட்டது நல்ல கேள்விதான், விதிவிலக்கில் போய் விதியைத் தேடுகிறார், அவ்வளவே.

முதலில் விதி. கிரிப்டிக் குறிப்பில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று விடையின் நேரடிப் பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும், நடுவில் வராது. மற்றது, விடையை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. 'தாத்தா மரைக்காயர் ஒளித்துவைத்த பூ (3)' என்பதைப் பாருங்கள். 'பூ' நேரடிப் பொருள். 'ஒளித்துவைத்த' என்றால் பக்கத்துச் சொற்களுக்குள் தேடு என்று கட்டளை. தாத்தாவின் கடைசி 'தா', மரைக்காயரின் 'மரை', சேர்த்தால் தாமரை. மரைக்காயர் வீட்டுக் கொல்லையில் என்ன பூ பூக்கும் என்று யோசிக்கப் புகுந்தீர்களோ, புதிர் போட்டவர் ஜெயித்தார். குறிப்பு சொல்லும் கதை உங்களைத் திசைதிருப்பத்தான் இருக்கிறது.

விளக்கம் என்பது கடைக் கணக்கு மாதிரி. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் செலவாகியிருக்க வேண்டும். ஒரு சொல் மிஞ்சினாலும் கணக்கு இடிக்கிறது என்று பொருள். 'கவிதை தலை இழந்தால் மண்ணில் முளைக்கும் (2)' என்ற குறிப்புக்கு 'செடி' என்று எழுதுபவர்கள் உண்டு. மண்ணில் முளைக்கிறது, இரண்டு எழுத்தும் ஆயிற்று. கவிதையை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. தலையெழுத்தான 'க' போனால் விதை. அதுதான் விடை. இதே கவிதை இடை இழந்தால் கதை, கடை இழந்தால் கவி. இதை வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று யாராவது சொன்னால் பழைய அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தைக் காட்டுங்கள். அங்கே இதற்கு அக்கரச்சுதகம் என்று பெயர். எடுத்துக்காட்டுச் செய்யுள் கநகாரி, நகாரி, காரி என்று தலையெழுத்தை ஒவ்வொன்றாக உதிர்த்து திருமால், முருகன், ஐயனார் மூவரையும் சொல்லி முடித்துவிடும்.

இனி உங்கள் நரகத்துக்கு வருவோம்.

'சீர்குலைந்த நகரம்' என்பதை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை, கட்டளையாக: ந, க, ர, ம் என்ற நான்கு எழுத்துகளின் சீரைக் குலை. நடுவில் உள்ள இரண்டும் இடம் மாறினால் ந, ர, க, ம். இரண்டாம் முறை, சாதாரணத் தமிழாக: குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவெல்லாம் குப்பை, பேருந்து நகரவில்லை. சீர்குலைந்த அந்த ஊர் எப்படி இருக்கும்? நரகம். அதே இரண்டு சொற்கள் விடையைக் கட்டவும் செய்கின்றன, அதற்குப் பொருளும் சொல்கின்றன. ஆகவே தம்பி தேடும் நேரடிப் பொருள் குறிப்பு முழுவதும்தான். தனியாக வெட்டி எடுக்க முடியாது. 'சீர்குலைந்த நகரம் பாவிகள் போகுமிடம் (4)' என்று போட்டிருந்தால் 'பாவிகள் போகுமிடம்' என்பதை வெட்டிக் காட்டியிருக்கலாம். அது வழக்கமான குறிப்பு. ஆங்கிலத்தில் இந்த முழுக்குறிப்பு வகைக்குத் தனிப் பெயரே உண்டு, 'அப்சர்வர்' இதழில் 1939 முதல் ஜிமெனிஸ் என்ற புனைபெயரில் புதிர் போட்ட மக்நட் வைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வகையைத் தெரிந்துகொண்ட அன்றிலிருந்து, நேரடிப் பொருள் அகப்படாத குறிப்பையெல்லாம் 'முழுக்குறிப்பு' என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றும். விடாதீர்கள். எழுத்தைக் கட்டும் வேலையில் எல்லாச் சொல்லும் செலவாக வேண்டும்; அப்புறம் எழுத்து விளையாட்டையே மறந்துவிட்டு விடுகதையாகப் படித்தாலும் அதே விடைக்குப் போக வேண்டும். 'சீர்குலைந்த பெருநகரம்' என்று போட்டிருந்தால் 'பெரு' கையில் மிஞ்சும். அப்போது தம்பி சொன்னதுதான் சரி, குறிப்பே தப்பு.

பட்டியல் விஷயம். 'கலைந்த', 'குலைந்த', 'சிதறிய' என்றால் எழுத்தைக் கலை, 'உள்ளே' என்றால் உள்ளே தேடு. இதற்கா 499 ரூபாய்? அதைவிட மோசம், பட்டியலை நம்பினால் ஏமாறுவீர்கள். 'தலை' என்பது முதலெழுத்தாகவும் இருக்கும், 'சிரம்' என்பதாகவும் இருக்கும். எது என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்லும், பட்டியல் சொல்லாது.

விடையோடு விளக்கமும் தருகிறேன் என்று வரும் செயலிகள் இன்னொரு கூத்து. தமிழ் எழுத்தை எண்ணவே பலவற்றுக்குத் தெரியாது. கணினி 'கோ'வை ககரம் தனி, ஓகாரக் குறி தனி என்று இரண்டாக வைத்திருக்கிறது. புள்ளியும் அதற்குத் தனிக் கணக்கு. அப்படி எண்ணினால் நாலெழுத்துக் கோபுரம் ஏழாகிவிடும். 'ஊருக்கு முன்னே பசு, கோயில் வாசலில் உயர்ந்து நிற்கிறது (4)' என்ற குறிப்பைக் கொடுத்தால் கோ, புரம் என்று பிரிப்பதற்குப் பதில் தலபுராணம் சொல்லும். கூச்சமில்லாமல் சொல்வதால் சரி என்று நினைத்துவிடுகிறோம். மிஞ்சிய சொல் உண்டா என்று பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

இவ்வளவு பேர் இதில் கடை விரிப்பதற்குக் காரணம் பத்திரிகைகள்தான். மறுநாள் நிரப்பிய கட்டத்தை மட்டும் போடுவார்கள். விளக்கத்துக்கு இடமில்லையாம். பக்கத்திலேயே பன்னிரண்டு ராசிக்கும் இடம் இருக்கிறது. புதிர் அமைத்தவர் பெயரைக்கூடப் போடாதவர்களிடம் யாரைப் போய்க் கேட்பது?

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். விடை வந்த கட்டத்தை மூடிவைக்காமல், மறுநாள் விடையைப் பார்த்தபின் குறிப்பில் செலவான சொற்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு சொல் மிஞ்சி நின்றால், எந்தச் சொல் என்று குறித்து ஆசிரியருக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். பதில் வராது. தம்பியையும் ஒன்று போடச் சொல்லுங்கள்.