நகைப் பட்டியல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, எம்.சி. ரோட்டில் துணியும் எடுத்தாயிற்று. 25 சவரன் போடுகிறோம். நகையெல்லாம் மாமியார் பீரோவில் இருந்தால்தான் பாதுகாப்பு என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டில். அது இருக்கட்டும். கல்யாணம் என்பதே பெண்ணை விற்கிற ஏற்பாடாகிவிட்டதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஐயர் இல்லாமல் செய்தாலாவது மாறுமா? இந்த அமைப்புக்கு இனி என்ன அர்த்தம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தங்கை மேல் நீங்கள் வைத்திருக்கும் பாசம் வரிக்கு வரி தெரிகிறது. ஐயர் விஷயம் சுலபம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். ஆனால் ஐயர் இல்லாத மேடையிலும் சவரன் கணக்கு நடக்கத்தான் செய்கிறது. அமைப்பின் அர்த்தத்தைப் பிறகு பேசலாம். ‘அது இருக்கட்டும்’ என்று தாண்டிப் போனீர்களே, கொஞ்ச நாளாக என் மனசில் ஓடுவது அந்த பீரோதான்.

25 சவரன் என்றால் 200 கிராம். அவர்கள் கேட்டுப் போடுகிறீர்களா, நீங்களாகப் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. கேட்டிருந்தால் அது வரதட்சணை. 1961 சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். நீங்களாகப் போடுவதாக இருந்தால், பில் யார் பெயரில் இருக்கிறது? அம்மா கட்டிய நகைச் சீட்டில் எடுத்தது அம்மா பெயரில் இருக்கும். ஜிஎஸ்டி 3 சதவீதம் மிச்சம் என்று எஸ்டிமேட் சீட்டோடு வாங்கி வந்ததற்குப் பில்லே இருக்காது. பாட்டி நகை எந்தக் கணக்கிலும் வராது. ரெண்டு வருஷத்தில் தொழிலுக்கு என்று பீரோவிலிருந்து நகை அடகுக்கடைக்குப் போகும். அடகுச் சீட்டில் மாமியார் பெயர் இருக்கும். சண்டை முற்றி ஸ்டேஷனில் உட்காரும்போது “பத்து சவரன்தான் போட்டாங்க” என்பார்கள். உங்கள் கையில் கல்யாண ஆல்பம் மட்டும்தான் இருக்கும். அதில் கவரிங்கும் தங்கமும் ஒரே மாதிரிதான் மின்னும்.

பெண்ணுக்குப் போட்ட நகை அவளுக்கு மட்டுமே சொந்தம், கணவர் வீட்டில் இருந்தாலும் அவர்கள் வெறும் காப்பாளர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடி. அதே வருஷம் வந்த மத்திய அரசு விதிகள், கல்யாணத்தில் வந்த பரிசுகளுக்குப் பட்டியல் எழுதச் சொல்கின்றன. பெண்ணுக்கு வந்ததைப் பெண் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், மாப்பிள்ளைக்கு வந்ததை மாப்பிள்ளை. பொருள், சுமாரான மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் என்ன உறவு, கீழே பெண் மாப்பிள்ளை இருவர் கையெழுத்து. அவ்வளவுதான். இதை எழுதுகிற வீடு எத்தனை?

நகைக்கு நகை எழுதுங்கள். ‘ஆரம் ஒன்று’ என்று எழுதினால் போதாது. மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் வேண்டும். புது நகையில் 916 முத்திரைக்குப் பக்கத்தில் ஆறு இலக்க ஹால்மார்க் எண் பொடியாகப் பொறித்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து வரும், ஓ-வா சைபரா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டி நகையில் அந்த எண் இருக்காது, எடை போட்டு சீட்டு வாங்குங்கள். பில் தங்கை பெயரில்தான் வேண்டும் என்று கேளுங்கள். மூன்று சதவீதத்துக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கையெழுத்துக் கேட்டால் சம்பந்தி கோவித்துக்கொள்வார்களா? மண்டபத்து வாசலில் மேஜை போட்டு, 101 ரூபாய் வைத்தவர் பெயரையும் ஊரையும் மொய் நோட்டில் எழுதுகிறோமே, யார் கோவித்துக்கொண்டார்கள்? 200 கிராம் தங்கத்தைத் தாளில் எழுதினால் மட்டும் மரியாதை குறைந்துவிடுமா? நகையை எங்கே வைப்பது என்பதையும் தங்கைதான் முடிவு செய்ய வேண்டும். அவள் பெயரில் ஒரு பேங்க் லாக்கர் எடுத்துக் கொடுங்கள்.

கல்யாணத்தைப் பதிவதும் பாக்கி. தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். ராயபுரத்து சர்ச் கல்யாணப் புத்தகத்தில் ஏறியிருந்தாலும், மண்ணடி ஜமாத் நோட்டில் ஏறியிருந்தாலும் இதுவும் வேண்டும். பத்திரிகையில் செல்லப் பெயர் போட்டுவிட்டு, ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று என்று போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

இந்தப் பதிலைத் தங்கைக்குக் காட்டுங்கள். பட்டியலை அவள் கையாலேயே எழுதட்டும். மாப்பிள்ளை கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள்.