சாயம் எங்கே போயிற்று? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்க, மரத்தூளை அப்படியே அதில் கொட்டலாமா?

பதில்: கூடாது. கழுவாத தூளிலிருந்து டானின் போன்ற துவர்ப்புப் பொருள்கள் இறங்கி நீரைப் பழுப்பாக்கும். நீரிலுள்ள கரிமப் பொருளின் சுமையைக் காட்டும் வேதி ஆக்சிஜன் தேவையும் ஏறும். அலசிய நீர் தெளியும்வரை கழுவி, உலர்த்தி, சலித்துப் பயன்படுத்துங்கள். சாயமில்லாத வெறும் நீரிலும் அதே பொடியைப் போட்டு ஒப்பீட்டுச் சோதனை வையுங்கள்.

கேள்வி: மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை நன்றாக எடுத்த நெல் உமி, பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தைத் தொடவே இல்லை. உமி கெட்டுவிட்டதா?

பதில்: உமி கெடவில்லை, சாயம் வேறு. மெத்திலீன் நீலம் நேர்மின் சுமை கொண்டது. உமியின் பரப்போ நடுநிலை நீரில் எதிர்மின் சுமையோடு இருக்கும். அதனால் ஒட்டியது. ரியாக்டிவ் சாயத்தில் சல்போனேட் தொகுதிகள் இருப்பதால் அதுவும் எதிர்மின் சுமை கொண்டது, விலகத்தான் செய்யும். அமிலம் சேர்த்து பி.எச். அளவை 2, 3 வரை இறக்கினால் ஓரளவு ஒட்டும். பிறகு அந்த அமில நீரை நடுநிலைக்குக் கொண்டுவரும் வேலையும் உங்களுடையதே.

கேள்வி: எங்கள் வாழைத்தோல் பொடி 99 சதவீத நிறத்தை நீக்கியது. சாய ஆலைக்குப் பரிந்துரைக்கலாமா?

பதில்: எவ்வளவு நீர், எவ்வளவு பொடி, தொடக்கத்தில் எவ்வளவு சாயம்? மூன்றையும் எழுதாமல் சதவீதத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. சதவீதம் பொடியின் திறமையைச் சொல்லாது. பொடியை அள்ளிப் போட்டால் எதுவும் 99 காட்டும்.

கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் சாயமுள்ள 100 மில்லி நீரில் மொத்தச் சாயமே 5 மில்லிகிராம்தான். அதில் ஒரு கிராம் பொடி போட்டு 99 சதவீதம் எடுத்தால், கிராமுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம். இன்னொருவர் அதே நீரில் 0.1 கிராம் மட்டும் போட்டு 60 சதவீதம் எடுத்தால், கிராமுக்கு 30 மில்லிகிராம். அவருடைய பொடி ஆறு மடங்கு மேல். சதவீதப் பட்டியலிலோ அவர் தோற்றவர்.

இதே விகிதத்தில் ஒரு லட்சம் லிட்டருக்குப் போனால் உங்களுக்கு ஒரு டன் பொடி வேண்டும். பிடிபடுவது 5 கிலோ சாயம். மிஞ்சுவது நீர் குடித்துக் கனத்த, சாயமேறிய ஒரு குவியல். அதை எங்கே வைப்பீர்கள்? சாயம் அழியவில்லை, நீரிலிருந்து பொடிக்கு இடம் மாறியிருக்கிறது. இதற்கு விடை எழுதாத ஆய்வறிக்கையைப் பாதி வேலை என்றே நான் கருதுகிறேன்.

இன்னொன்று: அளப்பதற்கு முன் பொடியை வடிதாளில் வடிக்காதீர்கள். அது செல்லுலோஸால் ஆனது, மெத்திலீன் நீலத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். வேகமாகச் சுழற்றிப் பொடியைப் படியவைக்கும் மையவிலக்கியில் பிரித்து அளவிடுங்கள். ஒப்பீட்டுச் சோதனையை மறக்காதீர்கள்.

கேள்வி: காங்கோ சிவப்பு என்ற சாயத்தின் கரைசலில் அமிலம் சேர்த்ததும் சிவப்பு மறைந்தது. நீக்கம் முடிந்ததா?

பதில்: இல்லை. காங்கோ சிவப்பு, பி.எச். அளவுக்கேற்ப நிறம் மாறும் ஒரு நிறங்காட்டி, பி.எச். 3 அளவில் நீலமாகிவிடும். பி.எச். அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து அளந்து பாருங்கள். பொடி போடாத ஒப்பீட்டுச் சோதனை ஒன்று வைத்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

கேள்வி: முருங்கை விதைச் சாறு பயன்படுமா?

பதில்: எதிர்மின் சுமையுள்ள சாயங்களுக்குப் பயன்படும். விதைப் பருப்பிலுள்ள நேர்மின் புரதம் அவற்றைத் திரட்டிப் படியவைக்கும். வெறும் நீரைவிட உப்புநீரில் அந்தப் புரதம் அதிகம் இறங்கும். அளவு மிஞ்சினால் கரிமச் சுமையை நீங்களே நீரில் சேர்த்தவராவீர்கள்.

கேள்வி: சாயக் கழிவிலுள்ள உப்பும் இதில் போய்விடுமா?

பதில்: போகாது. அதற்குச் சவ்வு முறையோ ஆவியாக்கலோ வேண்டும்.

கேள்வி: பயன்படுத்திய பொடியை உரக்குழியில் போடலாமா? தாவரம்தானே?

பதில்: போடாதீர்கள். பொடி தாவரம், அதில் ஏறியது தாவரமல்ல. காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் காங்கோ சிவப்பு போன்ற அசோ வகைச் சாயங்களைப் பிளக்கும்போது அரோமாட்டிக் அமீன்கள் வெளிப்படும். காங்கோ சிவப்பு பிளந்தால் வருவது அத்தகைய அமீனான பென்சிடின், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். முறையான எரியுலைக்கோ அபாயக் கழிவுக் கிடங்குக்கோ அனுப்புங்கள். அதுவரை மழை படாமல் மூடிவையுங்கள்.