வாசகர் கேள்வி-பதில்: ஆறு பேர் போதும், பிரதமராகலாம்

கேள்வி: கரீபியன் கடலில் உள்ள செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் நாட்டில் பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா?

பதில்: இல்லை. 1983 செப்டம்பர் 19-இல் சுதந்திரம் பெற்ற அந்த நாட்டின் தேசியப் பேரவைக்கு மக்கள் தேர்ந்தெடுப்பது மொத்தம் 11 பேரை. செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து 8 பேர், நெவிஸிலிருந்து 3 பேர். இந்த 11 பேரில் பெரும்பான்மையினரின் ஆதரவு யாருக்கு இருக்கும் என்று தோன்றுகிறதோ, அவரை பிரிட்டன் அரசரின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் பிரதமராக நியமிக்கிறார். பேரவையில் தேர்தல் இல்லாமல் நியமனத்தால் இடம்பெறும் செனட்டர் பிரதமராக முடியாது.

ஆக, ஆறுதான் மந்திர எண். பெரிய கட்சியின் தலைவராக இருக்க வேண்டும் என்றுகூட விதி கிடையாது. 2015-இல் மூன்று கட்சிக் கூட்டணி 7 இடங்களில் வென்றது. அதில் திமோதி ஹாரிஸின் கட்சிக்குக் கிடைத்தது ஒரே இடம், அதுவும் அவருடையதே. ஆனாலும் பிரதமரானவர் அவர்தான்.

கேள்வி: யாருக்கும் ஆறு கிடைக்காவிட்டால்?

பதில்: அப்போதுதான் தலைமை ஆளுநரின் முடிவு கனக்கிறது. 1993 நவம்பர் தேர்தலில் அப்போதைய பிரதமர் கென்னடி சிம்மண்ட்ஸின் கட்சிக்கு 4, லேபர் கட்சிக்கு 4, நெவிஸின் இரு கட்சிகளுக்கு 2, 1 என்று இடங்கள் சிதறின. இரண்டு இடம் பெற்ற நெவிஸ் கட்சி எந்தப் பக்கமும் சேரவில்லை. சிம்மண்ட்ஸுக்கு நெவிஸின் ஒற்றை உறுப்பினர் கைகொடுத்தும் ஐந்துதான் ஆனது. இருந்தும் அவரே மீண்டும் நியமிக்கப்பட்டார். அதிக வாக்கு பெற்றிருந்த லேபர் ஆதரவாளர்கள் கொதித்தெழுந்தார்கள், கலவரம் மூண்டது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த அரசு முழுக்காலம் ஓடவில்லை. 1995 ஜூலையில் நடந்த தேர்தலில் 7 இடங்களுடன் லேபர் கட்சியின் டென்சில் டக்ளஸ் பிரதமராக வந்தார், இருபது ஆண்டுகள் இருந்தார்.

கேள்வி: பிரதமரை நடுவில் இறக்க வழி உண்டா?

பதில்: நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் பிரதமருக்கு மூன்றே நாள் அவகாசம். அதற்குள் பதவி விலக வேண்டும், அல்லது அவையைக் கலைக்கப் பரிந்துரைக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் தலைமை ஆளுநர் அவரை நீக்கியே ஆகவேண்டும்.

விதி கறாரானதுதான். ஓட்டை அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. தீர்மானத்தை எத்தனை நாளுக்குள் விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. 2012 டிசம்பரில் டக்ளஸுக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட தீர்மானம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. 2015 தேர்தலுக்காக அவை கலையும்வரை அது விவாதிக்கப்படவே இல்லை. ஒரு நாட்டின் ஆட்சி நிற்குமா என்பதே சந்தேகமாகிவிட்ட நிலையில், இப்படி ஒத்திப்போட இடம்கொடுப்பது மிகப் பெரிய குறை.

பிரதமரிடம் இன்னொரு ஆயுதமும் உண்டு. 2022-இல் கூட்டணித் தோழர்களே ஹாரிஸுக்கு எதிராகத் திரும்பியபோது, தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருமுன் மே 10-ஆம் தேதி அவை கலைக்கப்பட்டது. கலைத்த 90 நாளுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். 87-ஆம் நாளான ஆகஸ்ட் 5-இல் நடந்தது. லேபர் கட்சி சரியாக ஆறு இடங்களில் வென்று டெரன்ஸ் ட்ரூ பிரதமரானார்.

கேள்வி: நெவிஸுக்குத் தனி 'பிரிமியர்' இருக்கிறாராமே, அவர் பிரதமருக்குக் கீழா?

பதில்: நெவிஸ் தீவின் உள் விவகாரங்களுக்கு அங்கே தனிச் சட்டமன்றமும் பிரிமியரும் உண்டு. செயின்ட் கிட்ஸுக்கு அப்படித் தனி அவை இல்லை. அங்கே பிரதமரின் மத்திய அரசே உள்ளாட்சியையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால் செயின்ட் கிட்ஸ் விவகாரத்தில் நெவிஸ் உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள். நெவிஸ் சட்டமன்றத்திலோ செயின்ட் கிட்ஸ்காரர்களுக்கு இடமில்லை. நெவிஸ் பிரிந்துபோகவும் அரசியல் சட்டத்திலேயே வழியிருக்கிறது, ஆனால் பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1998 ஆகஸ்டில் சுமார் 62 சதவீதம் பேர் பிரிவினைக்கு வாக்களித்தும் அது போதவில்லை.