இங்கிலாந்தின் நீர்வண்ண நிலக்காட்சி ஓவியம் எப்படி வளர்ந்தது?

தண்ணீரில் கரைத்த நிறத்தைக் காகிதத்தில் மெல்லிசாகப் பூசி மலையையும் ஆற்றையும் வரைவதுதான் இது. தொடக்கத்தில் கோட்டுப்படமே முக்கியம். நிறம் அதன்மேல் லேசான சாயம், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் ராணுவ நில அளவையில் வரைந்த பால் சாண்ட்பி அந்த வழியில் வந்தவர். அப்புறம் 1790களில் தாமஸ் கிர்ட்டின், டர்னர் என்ற இரு ஓவியர்கள் நிறத்தாலேயே வானத்தையும் மூடுபனியையும் எழுப்பினார்கள். (கிர்ட்டின் 27 வயதிலேயே இறந்தது பேரிழப்பு.)

நீர்வண்ணப் படத்தில் தெரியும் ஒளி எங்கிருந்து வருகிறது? அடியிலிருக்கும் வெள்ளைக் காகிதத்திலிருந்து. கண்ணாடி டம்ளரில் கட்டஞ்சாயாவை வெயிலில் பிடித்தால் ஒளி ஊடுருவும், பால் டீயில் ஊடுருவாது. நீர்வண்ணம் கட்டஞ்சாயா மாதிரி.

இது எண்ணெய் ஓவியத்துக்கான ஒத்திகை மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நீர்வண்ண ஓவியர்கள் 1804இலேயே லண்டனில் தனிச் சங்கம் தொடங்கி, மறு ஆண்டே தங்கள் படங்களுக்கென்று கண்காட்சியும் வைத்தார்கள்.