34 வயதில் அம்மம்மா ஆவது எப்படி? இது பரம்பரையாகத் தொடர்வது ஏன்?

17 வயதில் தாயானவரின் மகளும் 17 வயதில் தாயானால் கணக்கு முடிந்தது. இது இரத்தத்தில் வருவதன்று. கொழும்பு மட்டக்குளியில் எங்கள் தோட்டத்தில், அதாவது நெருக்கமான சிறு வீடுகள் கொண்ட குடியிருப்பில், நான் கண்டதைச் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பாடசாலையை விட்ட தாய், விடியுமுன் வீட்டு வேலைக்குப் போய்விடுவார். தம்பி தங்கைகளைப் பார்க்க மகளும் படிப்பை நிறுத்துவாள். ஓரறை வீட்டில் மூச்சுமுட்டும் அந்தப் பிள்ளைக்குக் காதல் ஒன்றே வெளியேறும் வாசலாகத் தெரியும்.

இலங்கையின் பொதுச் சட்டம் 1995இலேயே திருமண வயதை 18 ஆக்கிவிட்டது. பதிவில்லாமல் சேர்ந்து வாழ்வதை அது எப்படித் தடுக்கும்?

தயவுசெய்து அந்த அம்மம்மாவைத் திட்டாதீர்கள். பேரப்பிள்ளையை அவர் பார்த்துக்கொண்டால்தான் மகள் மீண்டும் படிக்கலாம். கருத்தடை ஆலோசனையைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் (உங்கள் பகுதி அரச மருத்துவமாதுவிடம்) இலவசமாகவே பெறலாம், கூச்சப்படாமல் கேளுங்கள்.